14 ரூபாய் 94 காசு: ஒரு பீடித் தொழிலாளியின் போன் நம்பர் போன கதை

2025 நடுவில் என்னிடம் வந்த ஒரு பிஎஃப் கேஸ் இது. திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடலுக்கும் பாப்பாக்குடிக்கும் இடையில் ஒரு கிராமம். ஆச்சிக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து பீடி சுற்றியவர். கண் மங்கிவிட்டதால் கம்பெனியில் கணக்கை முடித்துக்கொண்டு பிஎஃப் பணத்தை எடுக்கலாம் என்று பாஸ்புக், ஆதார் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மருமகளோடு வந்தார். ஆதாரோடு இணைந்த நம்பருக்கு ஓடிபி அனுப்பினேன். ஆச்சி கையிலிருந்த பட்டன் போன் அசையவில்லை. அந்த நம்பருக்கே கூப்பிட்டுப் பார்த்தால் தர்மபுரிப் பக்கம் ஒரு பையன் எடுக்கிறான், புது சிம் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். "அடிக்கடி ஏதோ பேங்க் மெசேஜ் வருதுண்ணே, யாரோடதுன்னு தெரியல" என்றான். நல்ல பையன், வந்ததை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான். வேறு மாதிரி ஆளாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

"என் நம்பரு எப்படிய்யா அடுத்தவனுக்குப் போவும்? நான்தான் பைசா போட்டேம்லா" என்றார் ஆச்சி. அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் தேடிப்போனதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். இந்த வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்கள், பாய் முடைகிறவர்கள், முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்கள் என்று பலருக்கும் இதே சிக்கல் இருக்கிறது. ஊரையும் ஆளையும் அந்த சிம் கம்பெனியையும் பெயர் சொல்லவில்லை. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கதை ஏறக்குறைய இதேதான்.

நடந்தது என்ன

2024 ஜூலை முதல் வாரத்தில் தனியார் கம்பெனிகள் மூன்றும் அடுத்தடுத்து விலையை ஏற்றின. ஏர்டெல், வோடபோன் ஐடியா இரண்டிலும் 28 நாள் குறைந்தபட்ச அன்லிமிடெட் பேக் 179-இலிருந்து 199 ஆனது, ஜியோவில் 155 ரூபாய் பேக் 189 ஆனது. ஆச்சிக்கு அப்போது வந்தது முதியோர் பென்ஷன் 1,200 ரூபாய். அதில் 199-ஐ எடுத்துப் போனுக்குப் போட மனசு வரவில்லை. "நான் யாருட்டய்யா பேசப் போறேன், வந்தா எடுப்பேன், அவ்ளோதான்" என்று விட்டுவிட்டார். கொஞ்ச நாளில் மதுரையிலிருக்கும் மகள் கூப்பிட்டால் லைன் போகவில்லை. பக்கத்துக் கடையில் போய்ப் பத்து ரூபாய்க்கு டாப்-அப் போட்டார். அப்புறம் இன்னொரு பத்து. போட்டதும் பேலன்ஸ் ஏறியதாக மெசேஜ் வருகிறது, ஆனால் போன் பேசாது. டாப்-அப் என்பது வெறும் பேச்சுக் காசு, சேவை செல்லுபடியாகும் நாளை அது நீட்டாது. நாள் வேண்டும் என்றால் பேக் போட வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கடையில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம் வருகிறது. போன் கம்பெனிகளைக் கண்காணிக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-இல் ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு ப்ரீபெய்டு நம்பரைப் பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் 90 நாளுக்கு முன்னால் அதைத் துண்டிக்கக் கூடாது. 90 நாள் முடியும்போது பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நம்பரை வைத்திருக்க வேண்டும், பேலன்ஸ் இருக்கும்வரை இது தொடரும். 2025 ஜனவரியில் ஏதோ புதுச் சலுகை வந்த மாதிரி இது வாட்ஸ்அப்பில் சுற்றியது, அது பழைய விதிதான் என்று டிராயே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

சரி, ஆச்சி போட்டது இரண்டு பத்து, கூட்டினால் இருபது. அப்படியானால் நம்பர் ஏன் போனது? பத்து ரூபாய் டாப்-அப்பில் கைக்கு வருவது 7 ரூபாய் 47 காசு. 18 சதவீத ஜிஎஸ்டியைக் கழித்தால் 8.47, அதில் செயலாக்கக் கட்டணம் என்று ஒரு ரூபாய் போக மிச்சம் 7.47. இரண்டு தடவை போட்டால் 14 ரூபாய் 94 காசு. விதி கேட்பது 20. மூன்றாவது பத்து ரூபாயையும் போட்டிருந்தால் 22.41 ஆகி நம்பர் நின்றிருக்கும். கையிலிருந்து கொடுத்தது இருபது ரூபாய், கணக்கில் ஐந்து ரூபாய் ஆறு காசு குறைந்தது, நம்பர் போய்விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. பயன்பாடு என்று விதி எதைச் சொல்கிறது? போன் பேசுவது, எஸ்எம்எஸ் அனுப்புவது, டேட்டா, இப்படித்தான். பேக் முடிந்ததும் முதலில் வெளியே போகும் அழைப்பு நிற்கும், சில நாள் கழித்து உள்ளே வரும் அழைப்பும் நிற்கும். இரண்டையும் கம்பெனி நிறுத்திவிட்ட பிறகு அவர் எப்படிப் பயன்படுத்துவார்? நிறுத்தியது ஒருவர், பயன்படுத்தவில்லை என்று கணக்கில் ஏறியது இன்னொருவர் பெயரில். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

2024 முடிவதற்குள் நம்பர் செத்துவிட்டது, அதற்கப்புறம் வேறு ஆளுக்குப் போய்விட்டது. துண்டித்த நம்பரை இன்னொருவருக்குக் கொடுப்பது சட்டப்படி சரியானதுதான். குறைந்தது 90 நாள் இடைவெளி விட வேண்டும் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்திலேயே இது பேசப்பட்டிருக்கிறது. பழைய நம்பரில் இருக்கும் தகவல்களை அழித்துக்கொள்வது சந்தாதாரரின் பொறுப்பு என்பதும் அதில் உண்டு. ஆதார், பேங்க், கேஸ், ரேஷன், பிஎஃப் என்று அரசாங்கமே அஞ்சு இடத்தில் கட்டிப்போட்ட நம்பரை, அது போனதே தெரியாத ஒரு ஆச்சி எப்படி அழித்துக்கொள்வார்?

குறைந்தபட்ச ரீசார்ஜ் எங்கிருந்து வந்தது

நம்மில் பலருக்கு லைஃப்டைம் சிம் ஞாபகம் இருக்கும். 2006 வாக்கில் 999 ரூபாய் கட்டினால் ஆயுசுக்கும் இன்கமிங் என்று விற்றார்கள். அப்புறம் விலை இன்னும் இறங்கி, வெறும் இன்கமிங்குக்காகவே கோடிக்கணக்கான பேர் சிம் வைத்திருந்தார்கள். கம்பெனிகளுக்கு அது நஷ்டமாகவும் இல்லை. வேறு கம்பெனி போனிலிருந்து ஒரு அழைப்பு வந்தால், வாங்கிக்கொள்ளும் கம்பெனிக்கு நிமிஷத்துக்கு இத்தனை பைசா என்று கிடைத்தது, 2015-இலிருந்து அது 14 பைசா. இன்டர்கனெக்ட் கட்டணம் என்பார்கள். 2017 அக்டோபர் 1-இலிருந்து டிராய் அதை 6 பைசாவாக்கியது, 2021 ஜனவரி 1-இலிருந்து பூஜ்யம். ஆக, ஆச்சி போனுக்கு வரும் அழைப்பால் கம்பெனிக்கு ஒரு காசும் வராது என்ற நிலை வந்துவிட்டது.

2018 கடைசியில் ஏர்டெலும் வோடபோன் ஐடியாவும் 28 நாளுக்கு 35 ரூபாய் என்ற குறைந்தபட்ச ரீசார்ஜைக் கொண்டுவந்தன. பேலன்ஸ் இருக்கிறவர்களைத் துண்டிக்காதீர்கள் என்று டிராய் அப்போதே தலையிட்டது. ஆனால் வழக்கம் ஊன்றிவிட்டது. ஏர்டெல்லை மட்டும் எடுத்துப் பாருங்கள். 2021 ஜூலையில் 49 ரூபாய் பேக்கை எடுத்துவிட்டு 79, அதே வருஷம் நவம்பரில் 99, 2023 தொடக்கத்தில் பெரும்பாலான வட்டங்களில் (போன் சேவைக்காக நாட்டைப் பிரித்திருக்கும் பகுதிகள்) 155, 2024 ஜூலையில் 199. 35 ரூபாய் பேக்கில் 26 ரூபாய்ச் சொச்சம் பேச்சுக் காசுதான் கிடைத்தது, 199-இல் அன்லிமிடெட் பேச்சும் 2 ஜிபி டேட்டாவும் உண்டு, அதனால் இரண்டும் ஒரே சரக்கு இல்லை என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஆச்சிக்கு அன்லிமிடெட்டும் வேண்டாம், டேட்டா அந்த பட்டன் போனில் ஓடவும் ஓடாது. அவர் வாங்க நினைத்த சரக்கு, நம்பர் உயிரோடு இருப்பது. அதன் விலை 35-இலிருந்து 199 ஆனது என்பதுதான் அவர் கணக்கு.

விலைப் புள்ளிவிவரம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது

இந்தியாவில் மொபைல் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. 1999-இல் வந்த கட்டண ஆணைதான் அடிப்படை, அதில் பின்னால் செய்த மாற்றங்களின்படி கம்பெனி தன் விலையைத் தானே வைத்துக்கொள்ளலாம். புதுப் பேக் விட்டால் 7 வேலைநாளுக்குள் டிராயிடம் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படித் தெரிவித்ததையெல்லாம் பொதுமக்கள் பார்க்கட்டும் என்று 2018-இல் டிராய் ஒரு தளமும் திறந்தது. நல்ல காரியம், நானும் அதில்தான் தேடினேன். வட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் பேக் பேக்காக வரிசையில் வரும். ஆனால் "இந்த நம்பரை ஒரு வருஷம் உயிரோடு வைக்கக் குறைந்தது எவ்வளவு ஆகும்?" என்ற கேள்விக்கு அதில் நேராகப் பதில் இல்லை. நாமே கூட்டிக் கழித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பொதுவாக நாம் கேள்விப்படும் எண்கள் இரண்டு. ஒன்று, ஒரு ஜிபி டேட்டாவின் விலை. 2014-இல் சுமார் 269 ரூபாயாக இருந்தது, பின்னால் பத்து ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது, உலகத்திலேயே மலிவான நாடுகளில் ஒன்று என்று பெருமையாகச் சொல்கிறார்கள். இன்னொன்று, ஒரு சந்தாதாரரிடமிருந்து மாதம் வரும் சராசரி வருமானம். 2024 அக்டோபர்–டிசம்பர் காலாண்டில் ஏர்டெல்லுக்கு 245 ரூபாய், ஜியோவுக்கு 203 ரூபாய். முதல் எண் டேட்டா பயன்படுத்துகிறவருக்குத்தான் பொருந்தும். இரண்டாவதில் பாளையங்கோட்டையில் கிரிக்கெட் பார்க்கும் கல்லூரிப் பையனும் முக்கூடல் ஆச்சியும் ஒரே சராசரிக்குள் போய்விடுகிறார்கள். இந்தியாவில் ஏறக்குறைய 15 கோடிப் பேர் இன்னும் 2ஜி, பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள் என்று டிராயே சொல்கிறது. அவர்களுடைய விலை எது என்று இந்த இரண்டு எண்ணிலும் தெரியாது.

அதனால் நானே போட்ட கணக்கு இது. 28 நாள் பேக் என்றால் வருஷத்துக்கு 13 தடவை போட வேண்டும். 199-ஐ 13-ஆல் பெருக்கினால் 2,587 ரூபாய், ஆச்சியின் பென்ஷனில் இரண்டு மாதத்துக்கும் மேல். 2018-இன் 35 ரூபாய் பேக் வருஷத்துக்கு 455 ரூபாய்தான் ஆகியிருக்கும்.

2024 டிசம்பர் 23-ஆம் தேதி டிராய் தன் விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான ஒரு பேக்காவது ஒவ்வொரு கம்பெனியும் கட்டாயம் தர வேண்டும், சிறப்புப் பேக்குகளின் உச்ச காலம் 90 நாளிலிருந்து 365 நாளாக உயரும் என்றது. கேட்கும்போது ஆச்சிக்காகவே எழுதிய மாதிரி இருக்கிறது. 2025 ஜனவரியில் பேக்குகள் வந்தன. முதலில் வைத்த விலையைச் சில நாளிலேயே குறைத்து, ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1,849 என்றும், ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748 என்றும் நின்றது. வோடபோன் ஐடியாவிலும் 84 நாளுக்கு 470. 28 நாள் பேச்சு பேக் இந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை, ஏனென்றால் எத்தனை நாளுக்குத் தர வேண்டும் என்று திருத்தத்தில் சொல்லவில்லை.

நாள் கணக்கில் பாருங்கள். ஒரே கம்பெனியில் 28 நாள் பேக் ஒரு நாளைக்கு 7 ரூபாய் 11 காசு, 84 நாள் பேச்சு பேக் 5 ரூபாய் 58 காசு, வருஷப் பேக் 5 ரூபாய் 7 காசு. மொத்தமாக 1,849 ரூபாய் வைத்திருக்கிறவருக்கு மலிவு. மாதம் 1,200 வாங்கி அதில் மாத்திரை, அரிசி, பேத்திக்குப் பென்சில் என்று பிரித்துக்கொடுக்கிறவர் ஒரு நாளைக்கு 40 சதவீதம் கூடக் கொடுக்கிறார். ஏழைக்கென்று போட்ட விதியில் ஏழையால் மட்டும் நுழைய முடியாத வாசல் இது. என் வருத்தமெல்லாம் இதில்தான்.

மானியம் இருக்கிறது, டவருக்கு

ஏழைக்குப் போன் வேண்டும் என்ற எண்ணமே அரசுக்கு இல்லை என்று சொல்ல முடியாது. 2002 ஏப்ரலிலிருந்து போன் சேவைக் கம்பெனிகள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை ஒரு நிதிக்குக் கட்டுகின்றன. யுஎஸ்ஓ நிதி (எல்லாருக்கும் சேவை போய்ச்சேர வைப்பதற்கான நிதி) என்று பெயர் இருந்தது, 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டத்தில் டிஜிட்டல் பாரத் நிதி ஆனது. கிராமங்களில் பொது போன், கிராம வீடுகளுக்கு லேண்ட்லைன், அப்புறம் டவர், இப்போது கண்ணாடி இழை கேபிள். பெரும்பாலும் கருவிக்கும் கம்பிக்கும்தான் போகிறது. டவர் இல்லாத மலைக்கிராமத்துக்கு அது வேண்டும்தான், மாஞ்சோலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஆனால் ஆச்சி வீட்டு வாசலில் நின்றால் சிக்னல் நன்றாகவே கிடைக்கிறது. டவர் இருந்தும் அவரால் பேச முடியவில்லை. 2024 ஆகஸ்டில் வந்த இந்த நிதிக்கான விதிகளில் பெண்கள், மாற்றுத் திறனாளிகள், பொருளாதார ரீதியில் பின்தங்கியவர்களுக்குச் சேவை கிடைக்கச் செய்வதும் ஒரு நோக்கம் என்று எழுதியிருக்கிறது. ஆக, வழி சட்டத்திலேயே திறந்திருக்கிறது.

சந்தாதாரர் கையில் நேரே சேரும் மானியத்துக்குப் பழைய உதாரணம் அமெரிக்காவின் லைஃப்லைன் திட்டம். 1984-இல் ஏடி&டி என்ற பெரிய போன் கம்பெனி உடைக்கப்பட்டு உள்ளூர்க் கட்டணம் ஏறும் என்ற பயம் வந்தபோது, 1985-இல் அங்கேயுள்ள தகவல்தொடர்பு ஆணையம் அதைத் தொடங்கியது. 2005-இலிருந்து ப்ரீபெய்டு மொபைலுக்கும் வந்தது, 2016-இல் இன்டர்நெட்டையும் சேர்த்தார்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு மாதம் 9.25 டாலர் வரை கட்டணத்தில் குறையும், வெறும் பேச்சு சேவைக்கு 5.25 டாலர். வருமானம் வறுமைக்கோட்டின் 135 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவு உதவி, மருத்துவ உதவி மாதிரி ஒரு திட்டத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். பணம் கம்பெனிகளிடமிருந்து வசூலாகும் பொது நிதியிலிருந்து வருகிறது. அந்த நிதி சட்டப்படி செல்லுமா என்ற வழக்கில் 2025 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் செல்லும் என்றது.

அங்கேயும் குறை உண்டு. போலிப் பெயர்களில் மானியம் வாங்கிய மோசடிகள் நடந்து, தகுதி பார்க்கத் தேசிய அளவில் தனி ஏற்பாடே செய்ய வேண்டி வந்தது. இலவச சேவையை 30 நாளில் ஒரு தடவையாவது பயன்படுத்தாவிட்டால் 15 நாள் நோட்டீஸ் கொடுத்து நிறுத்திவிடுவார்கள். கொரோனா காலத்தில் வந்த மாதம் 30 டாலர் இன்டர்நெட் மானியம் 2 கோடியே 30 லட்சம் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தபோதே பணம் தீர்ந்து 2024 ஜூன் 1-இல் நின்றது. ஆனால் ஒரு விஷயத்தை அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். அந்த ஆணையம் வருஷாவருஷம் நகர்ப்புறக் கட்டணங்களைச் சேகரித்து ஒரு அளவுகோல் போடுகிறது, நிதி வாங்கும் கிராமப்புறக் கம்பெனி அந்த அளவை மீறி விலை வைக்க முடியாது. சேகரித்த எண்ணுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. நம்மிடம் எண்கள் தளத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். ஆச்சியும் மருமகளும் என்னைப் பார்க்க வந்தது டவுன் பஸ்ஸில், டிக்கெட்டுக்குக் காசு கொடுக்காமல். 2021-இல் வந்த திட்டம், பெண்கள் ஏறினால் அந்தக் கட்டணத்தை மாநில அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுத்துவிடுகிறது. வீட்டுக்குக் கிடைக்கும் இலவச மின்சாரமும் அதே முறைதான். ரேஷன் கார்டு, பென்ஷன் பட்டியல், பீடித் தொழிலாளர் அட்டை என்று தகுதி பார்க்க வேண்டிய பட்டியலும் கையிலேயே இருக்கிறது.

கேஸ் எப்படி முடிந்தது

புது சிம் வாங்கினோம். ஆதாரில் நம்பர் மாற்ற அப்போது இருந்த 50 ரூபாய்க் கட்டணம் பெரிய விஷயமில்லை, கைரேகைதான் விழவில்லை. இத்தனை வருஷம் இலையைச் சுருட்டி, பீடி வாயை நகத்தால் மடக்கி மடக்கி, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வழுவழுவென்று ஆகிவிட்டன. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, கடைசியில் கண்ணை வைத்துத்தான் முடிந்தது, அதுவும் கண்புரை ஆபரேஷன் செய்த கண் ஒத்துக்கொண்டதால். அது பதிவாகிப் பேங்கிலும் மாற்றி முடித்த பிறகு ஓடிபி வந்தது, பிஎஃப் பணமும் வந்து சேர்ந்தது. நடுவில் கழிந்த வாரங்களில் மருமகள் பீடி சுற்றாமல் விட்ட நாட்களின் கூலி திரும்ப வரப்போவதில்லை.

இப்போது பேரன் 84 நாள் பேச்சு பேக் போட்டுவிடுகிறான். அதோடு மெயின் பேலன்ஸில் எப்போதும் 22 ரூபாய்க்கு மேல் கிடக்கும்படி மூன்று பத்து ரூபாய் டாப்-அப் போட்டு வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைச் செய்துவிடுங்கள், முப்பது ரூபாய்தான். நம்பரை மாற்றாமல் கம்பெனி மட்டும் மாற (போர்ட் செய்ய) நினைத்து, பேக் இல்லாததால் எஸ்எம்எஸ் போகாது என்று விட்டவர்கள் இருந்தால், எந்தப் பேக்கில் இருந்தாலும் 1900-க்குப் போர்ட் மெசேஜ் போக வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே டிராய் உத்தரவு போட்டிருக்கிறது. போகாவிட்டால் 198-இல் புகார் பதிந்து எண் வாங்கி வையுங்கள்.

பீடித் தொழிலாளர் சங்கத்துப் பெண்கள் சேர்ந்து டிராய்க்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள், நான் தட்டச்சு செய்து தருகிறேன். பேச்சுக்கு மட்டுமான பேக் 28 அல்லது 30 நாளுக்கும் கட்டாயம் வேண்டும், அதன் நாள் விலை வருஷப் பேக்கைவிடக் கூடக் கூடாது; பேக் முடிந்தாலும் 90 நாள் வரை இன்கமிங்கும் ஓடிபியும் நிற்கக் கூடாது; பத்து ரூபாய் டாப்-அப் இரண்டு போட்டால் 20 ரூபாய் விதிக்கு அது போதும் என்று வைக்க வேண்டும்; முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்களின் பேக்குக்கு டிஜிட்டல் பாரத் நிதியிலிருந்து மாதம் ஒரு தொகை போக வேண்டும். கடைசிக் கோரிக்கையில் தொகை எவ்வளவு என்று கேட்டபோது, எல்லாருக்கும் முன்னால் ஆச்சிதான் சொன்னார்: "நூறு போடுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்."